அரைத் தொலைவு டிரையத்லானுக்கு ஓர் இணையவழிப் பயிற்சிச் சேவை: கடலூரிலிருந்து ஒரு மதிப்பீடு

கடலூரிலோ புதுச்சேரியிலோ இருந்துகொண்டு நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்கும் டிரையத்லானில் முதல்முறையாக அரைத் தொலைவுக்குத் தயாராக விரும்பும் ஒருவருக்கு நீச்சல் சொல்லித்தர ஆள் கிடைப்பார். அதிகாலையில் சேர்ந்து சைக்கிள் ஓட்டவும், சேர்ந்து ஓடவும் துணை கிடைக்கும். ஆனால் மூன்றையும் ஒரே வாரத்துக்குள் எப்படி அடுக்குவது, எந்த நாளில் எதைக் குறைப்பது என்று சொல்லக்கூடிய பயிற்றுநர் கிடைப்பதுதான் அரிது. அந்தக் குறையை நிரப்புவதாகச் சொல்லும் இணையவழிச் சேவை ஒன்றில் 20 வாரத் திட்டத்துக்குச் சந்தா கட்டி, கோவாவின் மிராமார் கடற்கரையில் நடக்கும் ஐயன்மேன் 70.3 என்ற அரைத் தொலைவுப் பந்தயத்தை இலக்காக வைத்துப் பயிற்சி செய்தேன். சேவையின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. இதில் நான் எழுதும் நிறை குறைகள், இவ்வகைச் சேவை எதில் சேர்வதற்கு முன்பும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை என்பதால் பெயர் இல்லாமலே இந்த மதிப்பீடு பயன்படும் என்று நம்புகிறேன்.

சேவையில் மூன்று படிகள் உள்ளன. முதல் படியில் செயலிக்குள் வாராந்திர அட்டவணை மட்டும் வரும். யாரிடமும் எதையும் கேட்க முடியாது. இரண்டாம் படியில் ஒரு பயிற்றுநர் நம் கடிகாரத்திலிருந்து செயலிக்கு ஏறும் பதிவுகளைப் பார்த்து, செய்தி வழியாகக் கேள்விகளுக்குப் பதில் சொல்லி, வார இறுதியில் அடுத்த வாரத்தைத் திருத்துவார். மூன்றாம் படியில் வாரம் ஒருமுறை தொலைபேசி உரையாடலும் உண்டு. நான் எடுத்தது இரண்டாவது. அதன் மாதக் கட்டணம் ஒரு நடுத்தர ஓட்டக் காலணியின் விலையை ஒட்டி வருகிறது. முதல் படி அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்த விலை வேறுபாடு நியாயமானதா என்பதே இந்த மதிப்பீட்டின் மையக் கேள்வி. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நம் கடற்கரையில் பயிற்சி செய்பவருக்கு முதல் படி பயனற்றது, இரண்டாம் படி கொடுத்த காசுக்குத் தகும்.

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் என்ற தொலைவுகளைப் பார்த்து மலைத்து நிற்பவரை, சேவை நேர வரம்பிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடச் சொல்கிறது. ஐயன்மேன் 70.3 பந்தயங்களில் வழக்கமாக நீச்சலுக்கு 1 மணி 10 நிமிடம், சைக்கிள் முடிவதற்குத் தொடக்கத்திலிருந்து 5 மணி 30 நிமிடம், மொத்தத்துக்கு 8 மணி 30 நிமிடம் என்று வரம்பு வைப்பார்கள். நீச்சல் வரம்பை வகுத்துப் பார்த்தால் 100 மீட்டருக்கு 3 நிமிடம் 41 நொடி வருகிறது. நீச்சலையும் உடை மாற்றத்தையும் 1 மணி 10 நிமிடத்துக்குள் முடித்துவிட்டால் சைக்கிளுக்கு மணிக்கு 21 கி.மீ. வேகம் போதும், கடைசி 3 மணி நேரத்தில் கி.மீ.க்கு எட்டரை நிமிடம் என்ற வேகத்தில் ஓடினாலும் நேரத்துக்குள் வந்துவிடலாம். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் எதுவும் எட்டாத வேகம் இல்லை என்பதும், மூன்றையும் அடுத்தடுத்துச் செய்யும்போது உடல் எவ்வளவு தாங்கும் என்பதே பயிற்சியின் பொருள் என்பதும் முதல் வாரத்திலேயே புரிந்துவிடுகிறது.

சேரும்போது நிரப்பும் கேள்விப் படிவம் விரிவானது. பழைய காயங்கள், தூங்கும் நேரம், வேலை நேரம், மாதவிடாய்ச் சுழற்சி வரை கேட்கிறது. பெண்களிடம் ஹீமோகுளோபின், உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டுக்குமான ரத்தப் பரிசோதனை முடிவையும் கேட்கிறது. இதை நான் மிகவும் பாராட்டுகிறேன். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் ரத்தசோகை உள்ளவர்கள். இரும்புச்சத்து குறைந்த உடலோடு நெடுந்தொலைவுப் பயிற்சியைத் தொடங்கினால், வரும் சோர்வுக்குப் பயிற்சிக் குறைவே காரணம் என்று எண்ணி மேலும் உழைத்து, மேலும் சோர்ந்துபோவது எளிது. ஆனால் அதே படிவம், விடிவதற்கு முன் சாலையில் தனியாகச் செல்ல முடியுமா, பெண்களுக்கு நீச்சல் குளம் எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்ற இரண்டையும் கேட்கவில்லை. குளத்தில் பெண்களுக்கென்று ஒதுக்கிய நேரம் ஒரு மணி என்றால், அட்டவணையில் உள்ள 75 நிமிட நீச்சல் வெறும் எழுத்துதான். நான்கு மணிக்குத் தொடங்கும் சைக்கிள் பயணத்துக்குத் துணை வேண்டும் என்றால், அது துணைக்கு வருபவரின் நாளாகத்தான் இருக்கும், செயலி சொல்லும் நாளாக இருக்காது. இவற்றைச் சொன்னபின் பயிற்றுநர் நீச்சலை இரண்டாகப் பிரித்து வாரத்தை மாற்றித் தந்தார். முதல் படிச் சந்தாவில் இருப்பவருக்கு இதைக் கேட்பதற்கே வழி இல்லை.

சேவை கற்றுத்தருவதில் மிகச் சிறந்தது அடக்கம். வாரத்தின் பெரும்பகுதிப் பயிற்சி, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேகத்தில் இருக்க வேண்டும் என்பதில் பயிற்றுநர் சற்றும் விட்டுக்கொடுக்கவில்லை. துணையோடு ஓட்டும்போது முன்னால் போகிறவரை எட்டிப் பிடிக்கத் தோன்றும். அந்தப் பதிவு செயலியில் ஏறிய அன்றே ‘இது ஏன்?’ என்று ஒரு வரி வந்துவிடும். நீச்சலுக்கான அளவையும் முறையாக எடுத்தார்கள்: 400 மீட்டரையும் 200 மீட்டரையும் முழு முயற்சியில் நீந்தி, இரண்டு நேரங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டால் வகுத்தால், நெடுநேரம் தாங்கக்கூடிய வேகம் 100 மீட்டருக்கு எவ்வளவு என்று கிடைக்கிறது. சைக்கிளை விட்டு இறங்கியவுடன் ஓடும் ‘பிரிக்’ பயிற்சியை முதல் மாதத்திலேயே தொடங்கி, பத்து நிமிட ஓட்டத்திலிருந்து படிப்படியாக வளர்த்தார்கள். கால்கள் மரத்துப்போனதுபோல் இருக்கும் அந்த முதல் 2 கி.மீ. பழகிப்போவதற்கு வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

இனிக் குறைகள். பெரியது வெப்பம். அட்டவணையின் ஓட்டப் பகுதி முழுவதும் கி.மீ.க்கு இத்தனை நிமிடம் என்று வேகத்தில் எழுதப்பட்டது. கத்திரி முடிந்த பிறகும் ஜூன் மாதக் கடலூர் விடியற்காலையிலேயே புழுங்கும். காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விக்காது. அப்போது அதே வேகத்துக்கு இதயம் நிமிடத்துக்குப் பல துடிப்புகள் கூடுதலாக உழைக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் வேகம் மாறாமலே துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. திட்டமோ இதைத் தோல்வியாகக் கணக்கிட்டது. செய்ய வேண்டியதைச் செய்தால் பச்சை, குறைந்தால் மஞ்சள், தவறினால் சிவப்பு என்று செயலி நாள்காட்டியில் நிறம் பூசுகிறது. பச்சைக்காக வெயில் ஏறிய பிறகும் ஓடத் தூண்டும் இந்த நிறப் பூச்சை நான் அபாயமான வடிவமைப்பு என்றே சொல்வேன். வெப்பத் தாக்கு நிறம் பார்த்து வருவதில்லை.

கேட்ட பிறகு கிடைத்த பதில் தெளிவாக இருந்தது. ஓட்டத்தின் இலக்கைப் பயிற்றுநர் வேகத்திலிருந்து இதயத் துடிப்புக்கு மாற்றினார். வெப்பத்துக்கு உடல் பழக 10 முதல் 14 நாள்கள் ஆகும் என்பதால் அந்த நாள்களில் தொலைவைக் குறைத்தார். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் உடல் எடையைப் பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவையும் ஏறத்தாழ ஒரு லிட்டர் வியர்வை என்று கணக்கிடச் சொன்னார். நீண்ட ஓட்டத்தைப் புதுச்சேரியின் கடற்கரைச் சாலைக்கு மாற்றிக்கொண்டேன். மாலையிலிருந்து மறுநாள் காலை வரை அங்கே வாகனங்களுக்கு அனுமதி இல்லை. சுற்று சிறியது, திரும்பத் திரும்ப ஓடுவது அலுப்பூட்டும்; ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர்ப் புட்டி வைத்த இடத்தைக் கடக்க முடிகிறது.

அடுத்தது கடல். திட்டத்தின் ‘திறந்தவெளி நீச்சல்’ வாரங்கள் ஓர் அமைதியான ஏரியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை: முப்பது நிமிடம் நேராகப் போய், அதே வழியில் திரும்பி வரச் சொல்கின்றன. வங்கக் கடலில் இப்படிச் செய்யவே கூடாது. கரையை ஒட்டிய நீரோட்டம் தென்மேற்குப் பருவ மாதங்களில் பெரும்பாலும் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் போகிறது. வடக்கு நோக்கி மணலைச் சுமந்துபோகும் இந்த ஓட்டத்தை 1980களின் இறுதியில் கட்டிய துறைமுகத் தடுப்புச் சுவர்கள் மறித்ததால்தான் புதுச்சேரி நகரின் மணல் கரை அரித்துப்போய்க் கருங்கல் அடுக்கு வந்தது. தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில் நீருக்கடியில் அமைத்த தடுப்பினால் பின்னர் ஒரு பகுதியில் மணல் திரும்பியது. ஒரு நகரத்தின் கரையையே மாற்றிய ஓட்டத்தை நீந்துபவர் கணக்கில் கொள்ளாமல் இருக்க முடியாது. கடற்கரைச் சாலையை ஒட்டிய பாறைப் பகுதி ஓடுவதற்கு உரியது, நீந்துவதற்கு அன்று. தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும் அலை உடையும் இடத்தில் ஆளைக் கடலுக்குள் இழுக்கும் ஓட்டங்கள் உண்டு. நீச்சல் தெரிந்தவர்களும் அங்கே உயிரிழந்திருக்கிறார்கள்.

எனவே கடல் நீச்சலைப் பயிற்றுநரிடமிருந்து கற்கவில்லை, தேவனாம்பட்டினத்து மீனவர் ஒருவரிடமிருந்து கற்றேன். தம் ஃபைபர் படகோடு துணைக்கு வர ஒப்புக்கொண்ட அவர், இறங்குவதற்கு முன் ஒவ்வொரு முறையும் தண்ணீரைச் சற்று நேரம் பார்ப்பார். “இன்னிக்குத் தண்ணி வடக்க இழுக்குதும்மா, தெக்க போய் எறங்குங்க, நானே வடக்க ஏத்திக்கிறேன்” என்பார். அலை உடையும் வரிசையைப் படகில் கடந்து, அதற்கப்பால் கரைக்கு இணையாக ஒரே திசையில் நீந்தி, மீண்டும் படகில் ஏறிக் கரை சேர்வது என்பதே எங்கள் முறை. விடியற்காலையில் தரையிலிருந்து காற்று வீசிக்கொண்டிருக்கும்வரை கடல் படிந்திருக்கும். முற்பகலில் கடல்காற்று எழுந்ததும் முகத்தில் தண்ணீர் அடிக்கத் தொடங்கும். சொறி எனப்படும் ஜெல்லி மீன் மிதக்கும் நாள்களில் அவர் இறங்கவே விடமாட்டார். இடுப்பில் கட்டும் ஆரஞ்சு நிற மிதவையை மட்டும் சேவையின் பொருள் பட்டியலைப் பார்த்து வாங்கினேன். அது உண்மையிலேயே பயன்பட்டது. படகுக்காரருக்குக் கொடுத்த தொகையைச் சந்தாவோடு சேர்த்துத்தான் பயிற்சிச் செலவாகக் கணக்கிட வேண்டும்.

அதே பட்டியலில் வெட்சூட் என்ற ரப்பர் நீச்சல் உடையும் இருந்தது. நமக்கு அது வீண் செலவு. ஐயன்மேன் விதிகளின்படி, தண்ணீர் 24.5 டிகிரி செல்சியசுக்கு மேல் இருந்தால் வெட்சூட் அணியும் வயதுப்பிரிவுப் போட்டியாளர் பரிசுக்குரிய வரிசையில் சேரமாட்டார், 28.8 டிகிரியைத் தாண்டினால் அணியவே கூடாது. கடலூர்க் கடலும் கோவாக் கடலும் ஆண்டின் பெரும்பகுதி 24.5 டிகிரிக்கு மேல் இருப்பவை. வெட்சூட் உடலை மிதக்க வைத்துக் கால்களை மேலே தூக்கித் தரும்; அந்த உதவி இல்லாமல் நீந்துபவருக்குக் கால்கள் தாழாமல் வைத்துக்கொள்ளும் பயிற்சி கூடுதலாகத் தேவை. திட்டத்தில் அது போதுமான அளவு இல்லை. உள்ளூர்க் குளத்தின் பயிற்சியாளர்தான் அதைச் சீர்செய்தார்.

சைக்கிள் பகுதியில் பெரிய குறை இல்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 90 கி.மீ. என்பதால் நம் ஊர்க்காரர்களுக்குப் பந்தயத் தொலைவு கையெட்டும் இடத்திலேயே இருக்கிறது. சிப்காட் பகுதியைக் கனரக வாகனங்கள் கூடுமுன் கடந்துவிட வேண்டும். புதுச்சேரிக்காரர்களுக்குக் காலாப்பட்டு வழியாக மரக்காணம் உப்பளங்கள் வரையிலான கிழக்குக் கடற்கரைச் சாலை உண்டு. மேடேறும் பயிற்சிக்குத்தான் இடம் தேட வேண்டியிருந்தது. இப்பகுதி தட்டையானது என்றதும் பயிற்றுநர் எதிர்க்காற்றில் கனமான கியரில் ஓட்டச் சொன்னார். அதோடு கேப்பர் மலைச் சாலையையும் சேர்த்துக்கொண்டேன். மலை என்று பெயர் இருந்தாலும் செம்மண் மேடுதான். ஆனாலும் சில நிமிட ஏற்றத்தைத் திரும்பத் திரும்ப ஏற அது போதும். முன்னால் போகும் சைக்கிளிலிருந்து 12 மீட்டர் விலகி ஓட்ட வேண்டும், முந்தினால் 25 நொடிக்குள் முந்த வேண்டும் என்ற விதியைச் சேவை நன்றாக விளக்கி, கூட்டமாக ஓட்டிப் பழகியவர்கள் சில நீண்ட பயணங்களையாவது முன்னால் போகிறவரின் காற்று மறைப்பின்றித் தனித்து ஓட்ட வேண்டும் என்றும் வலியுறுத்தியது. துணைக்கு வருபவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் வரச்செய்து அதை நிறைவேற்றினேன்.

உணவுப் பகுதி, படிகளுக்கிடையேயான வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டியது. திட்டத்தோடு வரும் பட்டியல் முழுவதும் இறக்குமதி ஜெல்களும் மாத்திரைகளும். ஒவ்வொரு நீண்ட பயிற்சிக்கும் அவற்றை வாங்கினால் மாதச் சந்தாவைவிட அதிகம் செலவாகும். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது திட்டத்தின் கணக்கு. குளுக்கோசும் ஃபிரக்டோசும் கலந்து எடுத்தால் பழகிய வயிறு அதற்கு மேலும் தாங்கும். வீட்டுச் சர்க்கரையே பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ் ஆயிற்றே, எலுமிச்சைச் சாற்றில் கரைத்துக் குடித்தால் ஆகாதா என்று பயிற்றுநரிடம் கேட்டேன். ஆகும் என்றார். 750 மி.லி. புட்டியில் 60 கிராம் சர்க்கரை, ஒன்றரை கிராம் உப்பு, எலுமிச்சைச் சாறு என்று அளவும் எழுதித் தந்தார். அந்த உப்பில் 600 மி.கி.க்குச் சற்றுக் குறைவாகச் சோடியம் உள்ளது. இளநீர் பற்றியும் கேட்டேன். அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் முக்கியமாக இழப்பது சோடியம் என்பதால் இளநீர் மட்டும் ஈடு செய்யாது, உப்புச் சேர்க்க வேண்டும் என்றார். பயிற்சி முடிந்த பிறகு குடிக்க மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைப் பரிந்துரைத்தார், உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவில் தயாரித்த கரைசலில் லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம் உண்டு. வாழைப்பழமும் உப்பிட்டு அவித்த உருளைக்கிழங்கும் சைக்கிளில் நன்றாகவே இறங்குகின்றன. கடலை மிட்டாயை விட்டுவிடுங்கள். ஓட்டும்போது மென்று முடிவதற்குள் மூச்சு திணறுகிறது.

தசை வலிமைக்கான காணொளிகள் பொதுவானவை. இலவசமாகவே இதைவிட நல்லவை கிடைக்கும். செயலி முழுவதும் ஆங்கிலத்தில்தான் உள்ளது. பயிற்றுநருக்குத் தமிழ் தெரியும் என்பதால் எனக்குச் சிரமம் இல்லை. சேர்வதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. காய்ச்சலில் படுத்த வாரத்தில், விட்டுப்போன பயிற்சிகளை அடுத்த வாரத்தில் திணிக்காமல் அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். கடைசி இரண்டு வாரங்களில் பயிற்சி நேரத்தைக் குறைத்து, வேகத்தை மட்டும் சிறு அளவில் தக்கவைத்த முறையும் சரியாக இருந்தது. பந்தயத்தை நேர வரம்புக்குள் முடித்தேன். ஓட்டத்தின் பிற்பகுதியில் நடக்கவும் செய்தேன். கோவாவின் வெயில் கடலூரில் பயின்றவரைப் பெரிதாக ஒன்றும் மிரட்டவில்லை.

யார் சேரலாம்? குளத்தில் நிற்காமல் 400 மீட்டராவது நீந்தத் தெரிந்தவர்கள், 10 கி.மீ. ஓடி முடிக்கக்கூடியவர்கள் இரண்டாம் படியில் சேரலாம். நீச்சலே தெரியாதவர்களுக்கு இந்தச் சேவை இப்போதைக்கு வேண்டாம். எழுத்தில் வரும் குறிப்புகளைப் படித்து நீச்சல் கற்க முடியாது. கடலூர் அண்ணா விளையாட்டரங்கக் குளம் போன்ற ஓரிடத்தில் நேரில் சொல்லித்தரும் ஒருவரிடம் சில மாதங்கள் கற்ற பிறகு வரலாம். மூன்றாம் படியின் தொலைபேசி உரையாடலுக்காகக் கூடுதல் பணம் கட்டுவது வீண். எழுத்தில் கேட்டுப் பெறும் பதிலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்ளலாம் என்பதால் அதுவே மேல்.

அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ பந்தயம் வைத்திருப்பவர்கள் ஜூன் தொடக்கத்திலேயே சேர்ந்து, கடல் நீச்சலை ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களுக்கு முன்னகர்த்தித் தருமாறு பயிற்றுநரிடம் கேளுங்கள். திட்டம் அதைக் கடைசி ஆறு வாரங்களில் வைத்திருக்கிறது. அந்த வாரங்களில்தான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும், படகுகள் கரையேறிக் கிடக்கும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததையும், அதற்கு முன் 2011 டிசம்பரில் தானே புயல் கடலூரைச் சிதைத்ததையும் பார்த்த எவருக்கும் இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. சந்தா மாதந்தோறும் தானாகப் புதுப்பிக்கப்படும் வகையில் அமைந்துள்ளது. பந்தய வாரத்துக்கு முன்பே செயலியின் கட்டணப் பக்கத்தில் அதை நிறுத்திவிடுங்கள்.